வெள்ளம் வராத நாள்களில்

நமது மாவட்டத்திற்குப் பேரிடர் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பழவேற்காடு உள்ளிட்ட கடற்கரை ஊர்களைத் தாக்கியது. 2015 டிசம்பரின் முதல் நாள்களில் சென்னையையும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களையும் பெருமழை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துச் சென்றது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் கரையைக் கடக்காமலே நம்மை நனைத்து நிறுத்திவிட்டு, மறுநாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் நிரம்பி ஓடும்போது பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து மக்கள் இரவெல்லாம் விழித்திருப்பது பழகிப்போன ஒன்று.

உதவியும் டிசம்பரில்தான் வருகிறது. வெள்ளச் செய்தி தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் மருத்துவமனைகளுக்கு அழைப்புகள் வரும். இரத்தம் தேவையா, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் கொண்டுவந்து தரலாமா, பழைய துணிகளை எங்கே ஒப்படைப்பது என்று கேட்பார்கள். கேட்பவர்களின் மனத்தில் கள்ளமில்லை. மழையில் நனைந்துகொண்டே இரத்தம் கொடுக்க வந்து நின்ற இளைஞர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே இளைஞர்களில் எத்தனை பேர் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறோம். மருத்துவர்களாகிய எங்களுக்கு இரத்தம் மிகவும் பற்றாக்குறையாக இருப்பது அந்த மாதங்களில்தான். கல்லூரிகள் தேர்வுக்கும் விடுமுறைக்கும் மூடிக்கிடக்கும், முகாம்கள் நடைபெறா, வெயில் கொளுத்தும், எந்தத் தொலைக்காட்சியிலும் எதுவும் ஓடாது.

இக்கட்டுரை அந்த ஏப்ரலைப் பற்றியது. பேரிடருக்கு உதவ வேண்டும் என்று விரும்புகிறவர் பேரிடர் இல்லாத நாள்களில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய உதவியின் பெரும்பங்கு அமைகிறது என்பது எங்கள் துணிபு. இதை அறிவுரையாகச் சொல்ல வரவில்லை. இரத்தப் பையிலும் மருந்துப் பெட்டியிலும் பால் புட்டியிலும் கண்கூடாகக் காணக் கிடைக்கும் செய்தி இது.

இரத்தத்திலிருந்து தொடங்குவோம். ஒருவர் கொடுக்கும் இரத்தம் அப்படியே நோயாளிக்கு ஏற்றப்படுவது இன்று அரிது. இரத்த வங்கியில் அது சிவப்பணுக்கள், தட்டணுக்கள், பிளாஸ்மா எனப் பிரிக்கப்படுகிறது. உறைநிலையில் வைக்கப்படும் பிளாஸ்மா ஓர் ஆண்டு வரை தாங்கும். சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள்கள் வரைதான் இருக்கும். சேர்க்கப்படும் காப்புக் கரைசலைப் பொறுத்து அது மாறும். தட்டணுக்களைக் குளிரில் வைக்க முடியாது. அறை வெப்பநிலையில், இடைவிடாமல் அசைத்துக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்களில் காலாவதியாகிவிடும். டெங்குக் காய்ச்சல் பருவத்தில் “பிளேட்லெட் இல்லை” என்று எங்கள் செவிலியர் சொல்லும்போது உறவினர்கள் சிலர் சினம் கொள்வதுண்டு. வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் அது அன்று என்பதை அவர்களுக்கு விளக்குவது எளிதாயில்லை.

இந்தக் கணக்கை வெள்ளத்தோடு பொருத்திப் பாருங்கள். டிசம்பர் 5 அன்று ஆயிரம் பேர் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தால், அதன் சிவப்பணுக்கள் பொங்கல் முடிந்தவுடன் வீணாகத் தொடங்கிவிடும். வெள்ளத்தில் அடிபட்டு வருகிறவருக்கு முதல் சில மணி நேரத்தில் ஏற்றப்படுவது அன்று கொடுக்கப்பட்ட இரத்தமும் அன்று. அதைப் பிரித்து, மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதித்து முடிக்க நேரம் வேண்டும். அந்த நோயாளியைக் காப்பாற்றுவது முந்தைய வாரமே யாரோ கொடுத்துவிட்டுப் போன இரத்தம். கொடுத்தவருக்கு வெள்ளம் வரப்போகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நடந்தது இதற்குப் பெரிய சான்று. நாடெங்கும் மக்கள் திரண்டு, வழக்கத்தைவிட ஏறத்தாழ 5 லட்சம் அலகு இரத்தம் கூடுதலாகக் கொடுத்தார்கள். தாக்குதலில் காயமுற்றோருக்குப் பயன்பட்டது 300 அலகுக்கும் குறைவு. எஞ்சியதில் பெருமளவு காலாவதியாகி அழிக்கப்பட்டது. அன்று கொடுத்தவர்கள் மறுமுறை கொடுக்கச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே காலத்தில் கொடுக்க இயலாதவர்களாகி விடுகிறார்கள்.

இரத்தத்தின் தேவையோ நாள்தோறும் இருப்பது. மகப்பேற்றின்போது உதிரப்போக்கு எந்த இரவிலும் நேரலாம். தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், சிவப்பணு ஏற்றியாக வேண்டும். அந்தக் குழந்தையின் பெற்றோர் ஒவ்வொரு முறையும் கொடையாளரைத் தேடி உறவினர் வீடுகளுக்கு அலைவதைக் காண்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது, பழக்கமாகியிருக்கக் கூடாது. பணத்திற்கு இரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக 1998 ஜனவரி முதல் நம் நாடு தடை செய்துவிட்டது. அப்படியாயின் எஞ்சுவது இரண்டே வழி. நோயாளியின் உறவினர் நெருக்கடியில் ஆள் தேடிக் கொண்டுவருவது ஒன்று; முன்பின் அறியாத ஒருவர் தாமாக, தவணை தவறாமல் வந்து கொடுப்பது மற்றொன்று. பின்னது பாதுகாப்பானதும்கூட. உறவினரின் வற்புறுத்தலால் வருகிறவர் தம் உடல்நிலையைப் பற்றிய சில உண்மைகளை மறைக்க நேரலாம். தாமாக வருகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

யார் கொடுக்கலாம் என்பதைப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். வயது 18 முதல் 65 வரை. முதன்முறை கொடுப்பவராயின் 60க்குள். எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கொடுக்க இயலாது. இரத்த அழுத்தத்திற்கோ சர்க்கரைக்கோ மாத்திரை மட்டும் எடுத்து, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் தாமாகவே ஒதுங்கிவிட வேண்டியதில்லை. முகாமில் உள்ள மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள், அவர் முடிவு செய்வார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வேலை செய்பவர்கள் இந்தச் செய்திமடலை மிகுதியாகப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் இரு குறிப்புகள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேரே இரத்தம் கொடுக்க வர வேண்டாம். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். லாரி, கன்டெய்னர் ஓட்டுகிறவர்கள் இரத்தம் கொடுத்த பின் ஒரு நாளாவது நெடுந்தொலைவு வண்டி ஓட்டக் கூடாது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் தலைசுற்றல் வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆலை நிர்வாகத்தினர் முகாமை ஆண்டு விழா நாளில் வைப்பதைவிட, இரண்டு மூன்று ஷிஃப்டுகளுக்கும் பொருந்துமாறு ஏப்ரல் இறுதியில் வைத்தால் எங்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

இனிப் பொருள்களுக்கு வருவோம். ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததை அன்று அங்கே பணிக்குச் சென்ற மருத்துவர்கள் பலரும் நினைவுகூர்வார்கள். கிழிந்தவை, பொத்தான் அற்றவை, நம் கடற்கரையில் யாரும் அணிந்திராத கம்பளிச் சட்டைகள். லாரிகளிலிருந்து வீசப்பட்டு, மழையில் நனைந்து, மாடுகள் மிதிக்கக் கிடந்தன. அனைத்தையும் இழந்து நின்ற மீனவக் குடும்பத்தினர் அவற்றைத் தொடவும் கூசினார்கள். அந்தக் கூச்சம் நியாயமானது. வீடு போனவரிடம் எஞ்சியிருப்பது மானம் ஒன்றுதான். அதன்மீது நம் வீட்டுக் கழிவை எறிவது எவ்வகை அறம்? தில்லியைச் சேர்ந்த ‘கூஞ்ச்’ அமைப்பினர் அரசின் துணையோடு அத்துணிகளைத் திரட்டி, தரம் பிரித்து, பயன்படுமாறு மாற்றும் பெரும்பணியைப் பின்னர் மேற்கொண்டனர். அவ்வமைப்பை நிறுவிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. பழைய துணியே கூடாது என்பதன்று இதன் பொருள். துவைத்து, மடித்து, பிரித்து, ஆண்டு முழுவதும் முறையாக வாங்கிக்கொள்ளும் ஓர் அமைப்பிடம் கொடுத்தால் அது துணி. வெள்ள நாளில் மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றினால் அது சுமை.

மருந்தின் கதை இதனினும் கவலைக்குரியது. அதே ஆழிப்பேரலையின்போது இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்திற்கு உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் வந்து குவிந்தன. அங்கிருந்த மக்கள் தொகை சுமார் 20 லட்சம். மருந்துகளில் பெரும்பாலானவற்றின் பெயர்ச்சீட்டுகள் அங்குள்ள மருத்துவர்களுக்குப் புரியாத மொழிகளில் இருந்தன. பல மருந்துகள் அந்நாட்டு மருந்துப் பட்டியலிலேயே இல்லை. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது. மருந்தை அழிப்பது குப்பையை எரிப்பது போன்றதன்று, அதற்கெனத் தனிச் செலவு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 1996 முதலே மருந்துக் கொடைக்கு நெறிமுறைகளை வகுத்து வெளியிட்டு வருகிறது. கேட்டதை மட்டும் அனுப்புக, வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி எஞ்சியிருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்துகளை ஒருபோதும் அனுப்பற்க என்பன அவற்றுள் முதன்மையானவை.

கடைசி விதி நேரடியாக உங்களுக்கானது. வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் பாதி அட்டை மாத்திரை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதை வெள்ள முகாமுக்குக் கொடுக்காதீர்கள். அது எந்த வெப்பத்தில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. காலாவதி நாள் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் முதலில் கிழிக்கப்பட்டிருக்கும். இன்சுலினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பால் மாவு குறித்துச் சொல்வது சிலருக்கு வருத்தம் தரலாம், ஆயினும் சொல்லியாக வேண்டும். முகாமில் அழும் கைக்குழந்தையைக் கண்டவுடன் பால் மாவு டப்பா வாங்கிக் கொடுக்கத் தோன்றுவது இயல்பு. அந்த மாவைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். முகாமில் அந்தத் தண்ணீர்தான் ஐயத்திற்கு உரியது. புட்டியைக் கொதிக்க வைக்க அடுப்பு இல்லை. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் 2006 மே மாதம் நிகழ்ந்த நிலநடுக்கத்திற்குப் பின் ஆய்வு செய்தபோது, கொடையாக வந்த பால் மாவைப் பெற்ற குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு மற்றக் குழந்தைகளைப் போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. இந்தியாவில் குழந்தைப் பால் மாவை இலவசமாக வழங்குவதை, அநாதை இல்லங்கள் தவிர்த்து, 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைக்கு உதவ விரும்பினால் தாய்க்கு உதவுங்கள். அவளுக்கு வயிறார உணவும் குடிநீரும் மறைவான ஓர் இடமும் கிடைத்தால் தாய்ப்பால் நிற்காது. பால் கொடுக்க இயலாத தாய் இருப்பின் அதை மருத்துவக் குழுவினர் கவனிப்பர்.

அவ்வாறாயின் எதைத்தான் கொடுப்பது என்று கேட்கலாம். பணம். இந்த விடை பலருக்கு உவப்பாயில்லை. கையில் பொட்டலத்தை வைத்து, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. பணத்தில் அது கிடைப்பதில்லை. ஆனால் பொன்னேரி வெள்ளத்தில் இருக்கும்போது சில கிலோமீட்டர் தொலைவில் கடைகள் திறந்தே இருக்கும். பாயும் போர்வையும் அரிசியும் அங்கே கிடைக்கும். களத்தில் இருப்பவர் கையில் பணம் இருந்தால் இன்று போர்வை, நாளை குளோரின் மாத்திரை, அடுத்த வாரம் சுவர் எழுப்பச் செங்கல் என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வார். முதலமைச்சரின் பொது நிவாரண நிதி ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு அதில் வரிவிலக்கும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் அது கிடைக்காது. வேறு அமைப்புக்குக் கொடுக்க விரும்பினால் அதை இப்போதே, மழையில்லாத மாதத்தில், தேர்ந்தெடுத்து வையுங்கள். கணக்கு வெளியிடுகிறார்களா, இரசீது தருகிறார்களா, கடந்த ஆண்டு என்ன செய்தார்கள் என்று பொறுமையாகப் பார்க்கலாம். வெள்ள நாளில் வாட்ஸ்அப்பில் சுற்றும் க்யூஆர் படங்களில் எது மெய், எது பொய் என்று அன்றைய பதற்றத்தில் பிரித்தறிய முடியாது. மோசடி செய்பவர்களும் அந்த நாளுக்காகவே காத்திருக்கிறார்கள்.

பேரிடரின் நோய்கள் செய்தி ஓய்ந்த பிறகே எங்கள் வார்டுகளை அடைகின்றன என்பதும் பணத்திற்குச் சார்பான காரணம். எலிக்காய்ச்சலின் கிருமி வெள்ள நீரில் நடந்தவரின் கால் சிராய்ப்பு வழியே புகுந்து, பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள்களில் காய்ச்சலாக வெளிப்படும். சிலரில் ஒரு மாதம்கூட ஆகலாம். அதாவது நீர் வடிந்து, தொண்டர்கள் வீடு திரும்பிய பின். அவ்வேளையில் குடும்பத்தின் கையில் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் மூன்று நாள் தாமதித்து, கண் மஞ்சளாகிச் சிறுநீர் நின்ற பிறகு வருகிறவர்களை நாங்கள் காண்கிறோம். முதல் நாளே வந்திருந்தால் மிகவும் மலிவான மாத்திரையில் தீர்ந்திருக்கும் நோய் அது.

கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தோறும் கொடுப்பது நமக்குப் புதிதன்று. வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அவருடைய தாயார் சின்னம்மையார் பிறந்த சின்னகாவணம் நம் பொன்னேரியை அடுத்துள்ளது என்பதை இவ்வூர்க்காரர்கள் அறிவார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எங்களுக்கு வியப்பளிப்பது அந்த அடுப்பு மூட்டப்பட்ட காலம். தமிழகத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் 1876இல் வந்தது. அப்போது அடுப்புக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. பஞ்சம் வந்ததைக் கண்டு மூட்டிய அடுப்பு அன்று அது. பசி என்பது பஞ்ச காலத்துக்கு மட்டும் உரியதன்று என்று கண்ட ஒருவர் மூட்டிய அடுப்பு.

பிடியரிசி வழக்கமும் இதனோடு உறவுடையது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கத்தை நம் பாட்டிமார் அறிவார்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் அதை ஒரு திட்டமாகவே பரப்பினார். அந்தப் பிடி அரிசியால் எந்தக் குடும்பமும் பசித்ததில்லை.

தைவானில் இதே எண்ணம் எவ்வளவு தொலைவு சென்றது என்பது வியத்தற்குரியது. 1966இல் ஹுவாலியன் என்னும் ஊரில் செங் யென் என்ற பௌத்தத் துறவினி முப்பது இல்லத்தரசியரிடம் ஒவ்வொரு மூங்கில் குழாயைக் கொடுத்து, சந்தைக்குப் போகுமுன் நாள்தோறும் ஐம்பது காசு போடச் சொன்னார். மாதத்திற்கு ஒருமுறை மொத்தமாகப் பதினைந்து வெள்ளி தந்துவிட்டால் என்ன என்று கேட்டார்களாம். தொகை ஒன்றுதான், ஆனால் நாள்தோறும் பிறரை நினைப்பதும் மாதத்திற்கு ஒருமுறை நினைப்பதும் ஒன்றாகா என்பது அவர் கருத்து. சந்தையில் அப்பெண்கள் அதைப் பேசப் பேச, காய்கறி விற்பவர்களும் குழாய் கேட்டார்கள். இருபது ஆண்டுகளில், 1986இல், அந்த ஊரில் ஒரு மருத்துவமனை எழுந்தது. ‘சூ ச்சி’ என்னும் அவ்வமைப்பு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் அம்பாந்தோட்டையில் வீடுகள் கட்டிக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

நம் ஊரில் மூங்கில் குழாயின் இடத்தை எது பிடிக்கலாம்? ஊதிய நாளன்று தானாகவே பிடித்தம் ஆகும் நூறு ரூபாய் ஒரு வழி. பிறந்தநாள் கேக்கின் அளவை ஒரு கிலோ குறைத்துக்கொள்வது வேறொரு வழி. ஆனால் சிப்காட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இவற்றினும் பெரிதாகக் கொடுக்கத்தக்க ஒன்று உண்டு. பணமாக அதை எண்ண இயலாது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இங்கே ஓர் அறையில் பலராகத் தங்கி வேலை செய்கிறார்கள். மிக்ஜாம் புயலுக்குப் பின் அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியே, குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டு வழங்கப்பட்டது. குறைந்த நாள்களில் மிகப் பலரைச் சென்றடைய அது நல்ல வழிதான். ஆனால் இத்தொழிலாளர்கள் பெரும்பாலோரின் அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் குடியிருக்கும் இருளர் குடும்பங்களிலும் தாள்கள் இல்லாதவர்கள் உண்டு; இருந்த தாள்களை நீர் கொண்டுபோய்விட்டவர்களும் உண்டு.

இவர்களுக்கு வெள்ள நாளில் உதவுவது, அவர்கள் யார் என்பதை முன்பே அறிந்திருப்பவருக்கு மட்டுமே இயலும். அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் குடியிருப்போரின் பெயர், ஊரிலுள்ள உறவினரின் தொலைபேசி எண், இரத்த வகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கலாம். நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்படும் இளைஞரின் பெயர்கூடத் தெரியாமல் நாங்கள் சிகிச்சையைத் தொடங்குவது அரிதான நிகழ்ச்சி அன்று. மளிகைக் கடைக்காரர் அந்த மாதக் கணக்கைச் சற்று நீட்டிக் கொடுக்கலாம். வேலை நடக்காத மாதத்திற்கு அறை வாடகையைக் குறைக்கும் வீட்டுக்காரர் செய்வதும் பேரிடர் நிவாரணமே. அதற்கு இரசீதும் இல்லை, வரிவிலக்கும் இல்லை. அண்டை வீட்டுத் தொழிலாளிக்கு விடாத காய்ச்சல் என்றால் அவரோடு வந்து, “இவருக்குத் தமிழ் தெரியாது, நான் சொல்கிறேன்” என்று எங்கள் முன் உட்காருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் நேரத்தை எவ்வளவு மிச்சப்படுத்துகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இச்செய்திமடலைப் படிப்பவர்களில் பலர் தாமே நோயாளிகள். “நாங்கள் வாங்குகிறவர்கள், எங்களால் என்ன கொடுக்க முடியும்?” என்று டயாலிசிஸ் பிரிவில் ஒருவர் எங்களைக் கேட்டார். அவரால் இரத்தம் கொடுக்க இயலாது, வருமானமும் சுருங்கிவிட்டது. நாங்கள் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறோம். அக்டோபர் மாதம் பிறந்ததும் இரண்டு வாரத்திற்கான மாத்திரைகளை நீர் புகாத உறையில் கூடுதலாக எடுத்து வையுங்கள். மருத்துவச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் டயாலிசிஸ் முறையை ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பிரிவில் கேளுங்கள். சாலை மூடப்படும் வரை காத்திராமல் உயரமான இடத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கும் இதே முறைதான். ஒரு நோயாளிக்காகப் படகு வராமல் இருந்தால் அந்தப் படகு பிரசவ வலியோடு இருக்கும் இன்னொருத்தியிடம் போகும்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டு, தம் மகன் இரத்தம் கொடுக்கலாமா என்று கேட்டார். மகனுக்கு வயது 24, மாதர்ப்பாக்கம் பக்கத்தில் வேலை. கொடுக்கலாம். தேசியத் தன்னார்வ இரத்தக் கொடை நாளான அக்டோபர் 1 அன்று தொடங்கினால், 90 நாள் கணக்கில் அடுத்த முறை டிசம்பர் இறுதியில் வரும். அதற்கு அடுத்தது மார்ச் இறுதியில்; அதைச் சில வாரம் தள்ளி ஏப்ரல் பின்பாதியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.